பாஹ் டொன்னின் ரீங்காரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஷில்லாங் மழையின்மேல் சத்தியம் செய்யலாம். ஆனால் அந்த மழை யார் என்ன சொன்னாலும் பெய்யும், அதன் சாட்சியத்தை நம்ப முடியாது. வேதப் புத்தகத்தின்மேல் செய்யலாம். கிடார்காரர்கள் விவகாரத்தில் அதை இழுப்பது முறையில்லை. ஆகவே ஊரே ஒப்புக்கொண்ட ஒன்றின்மேல், அதாவது ஒலிக்காரர் பாஹ் கிளாட்ஸ்டனின் இரண்டு காதுகள்மேல், சத்தியம். அந்தக் காதுகளுக்குத் தெரியாமல் ஷில்லாங்கில் ஒரு தந்திகூட அறுந்ததில்லை என்பார்கள்.

டொன்போக் வாலாங் கிடார் வாசிப்பவர்; ஊருக்கு பாஹ் டொன், அதாவது டொன் அண்ணன். மேகாலய மலைகளின் காசி மொழியில் டொன்போக் என்றால் அதிர்ஷ்டம் உள்ளவன் என்று பொருள். அதை அவர் தானாக யாருக்கும் விளக்கியதில்லை. ‘வெட் மேட்சஸ்’, நனைந்த தீக்குச்சிகள், என்ற குழுவில் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வாசித்துவந்தார். குடியிருந்தது லைதும்க்ராவில், மனைவி ரிதாலினின் வீட்டில். அதுவும் சரியில்லை, ரிதாலினுடைய அம்மாவின் வீட்டில். ரிதாலின் கடைக்குட்டி மகள், ஆகவே காசி வழக்கப்படி வீடு நாளைக்கு அவளுக்கு, அதற்கப்புறம் அவளுடைய கடைக்குட்டி மகளுக்கு. டொன்போக் அங்கே பல வருடங்களாகத் தங்கியிருந்த விருந்தாளி. எல்லாரும் மரியாதையாகவே நடத்தினார்கள், விருந்தாளியை நடத்துவதுபோல.

அவருடையது என்று சொல்ல அந்த வீட்டில் இருந்தது பெடல் பலகை ஒன்றுதான். பலகைகூட மாமியாருடைய பழைய அலமாரிக் கதவு. அதன்மேல் வரிசையாக ஒட்டப்பட்டிருந்த பெடல்கள் அவருடையவை. காலால் அமுக்கினால் ஒன்று கிடாரை அழவைக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும், ஒன்று குளத்துக்குள்ளிருந்து பேசவைக்கும். எல்லாவற்றுக்கும் முதலில், கிடாருக்கு அடுத்து, ஃபஸ் பெடல். தகர டப்பாவுக்குள் இரண்டு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அமுக்கினால் கிடாருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எருமை ஒன்று பக்கத்து மலையில் நின்று பாடுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும். டொன்போக்கின் குரல் அது. நேரில் அவர் அவ்வளவு பேசுவதில்லை.

ஃபஸ்ஸுக்குக் கூட்டல் கழித்தல் எல்லாம் மற்ற பெடல்களுக்குத் தலைகீழ். கூட்டத்தோடு சேர்த்து மின்சாரம் கொடுத்தால் மொத்தப் பலகையும் செத்துப்போகும். அதனால் அது மட்டும் தனியாக ஒன்பது வோல்ட் பேட்டரியில் வாழ்ந்தது. அதுவும் புது பேட்டரி அதற்கு ஆகாது. பாதி செத்த பேட்டரியில்தான் அந்த எருமை பாடும். தெருமுனை தேவாலயத்தின் பணியாளர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போதகரின் மைக்கிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கொண்டுவந்து தருவார். டொன்போக் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, பிரசங்கம் எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடுவார். பாவத்தைப் பற்றிய நீண்ட பிரசங்கத்துக்குப் பின் வரும் பேட்டரிக்கு ஈடு இணை இல்லை. கிறிஸ்துமஸ் பேட்டரி உதவாது. பாட்டு அதிகம், பேச்சு குறைவு.

மற்ற பெடல்கள் எல்லாம் ஒரே அடாப்டரின் நீண்ட வாலில் கிளைகிளையாகத் தொங்கின. ஒரே பசுவிடம் முட்டி மோதிப் பால் குடிக்கும் கன்றுகள்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அதனால் வந்தது ரீங்காரம். ஆம்ப்பை, ஒலியைப் பெருக்கும் பெட்டியை, போட்டதும் ஆரம்பித்து, அணைக்கும்வரை ஒரே சுருதியில் நிற்கும்.

அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அது கேட்டால் கரண்ட் இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை என்று மாமியார் தெரிந்துகொண்டார். “வீட்டுல ஆம்பளை ஒருத்தன் இருக்கான்னு இதை வெச்சுத்தான் தெரியுது” என்று க்வாயை, வெற்றிலைப் பாக்கை, மென்றபடி சொல்வார். தெருமுனை தேவாலயப் பாடகர் குழு சுருதிப்பெட்டி வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டொன்போக்கின் ஆம்ப்பிலிருந்து சுருதி எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் ஊர் முழுக்க ஹீட்டர் போட்டு மின்சாரம் தளர்ந்தால் ரீங்காரமும் கொஞ்சம் இறங்கும், சங்கீதமும் இறங்கும், கர்த்தர் குனிந்து கேட்டுக்கொள்வார்.

ஒரு வசந்தகாலத்தில் தேனீக்கள் வந்தன. கூட்டமாக வந்து ஆம்ப்பின் பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே போய்க் குடியேறின. ஏதோ சொந்தக்காரர் குரல் கேட்டதுபோலத்தான் வந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வால்வுகளின் கதகதப்பில் அடை பெருத்தது. ரிதாலின் தன் ஜாதோ சோற்றுக் கடையில் அந்தத் தேனைப் புட்டிகளில் வைத்து விற்றாள். அதில் லேசாக ரப்பர் வாசனை வரும். வெளியூர்க்காரர்கள் அதையே விரும்பிக் கேட்டு வாங்கினார்கள்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் நவம்பரில் செர்ரி மரங்கள் பூக்கும்போது போலோ மைதானத்தில் பெரிய விழா வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று வாசிக்கப்போகிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரம் உள்ளூர்க் குழு. அது வெட் மேட்சஸ் என்று முடிவாயிற்று. ஒலி பாஹ் கிளாட்ஸ்டன்.

கிளாட்ஸ்டனைப் பற்றித் தெரியாதவர்கள் ஷில்லாங்கில் இல்லை. முன்பொரு விழாவில் ஆளுயர ஒலிபெருக்கி ஒன்று வெடித்தபோது அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தவர். புகைக்குள்ளிருந்து தொப்பியைத் தட்டிக்கொண்டே கீறல் இல்லாமல் எழுந்து வந்தவர். அன்றிலிருந்து அவர் வாக்கு வேதவாக்கு. அவரிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. எதிரில் வந்து, வெளிச்சத்தில் நின்று, வாயிலுள்ள க்வாயைத் துப்பிவிட்டுத்தான் பேச வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பெரிய மனிதர்.

ஒத்திகை, பாடகர் ஷான்போரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். கிளாட்ஸ்டன் வந்து, கொடுத்த சிவப்புத் தேநீரைக் குடித்துவிட்டு, டொன்போக்கின் ஆம்ப்புக்கு முன் முழங்காலிட்டார். உள்ளங்கையை ஒலிபெருக்கித் துணியின்மேல் வைத்துக் கண்ணை மூடினார். மற்ற ஒலிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். கிளாட்ஸ்டனுக்கு அதெல்லாம் தேவையில்லை.

“டொன், ஒண்ணும் வாசிக்காத. சும்மா இரு.”

டொன்போக் சும்மா இருந்தார். அது அவருக்குக் கைவந்த விஷயம்.

“ரீங்காரம்” என்றார் கிளாட்ஸ்டன்.

“ஆமா பாஹ்” என்றார் ஷான்போர். “இப்ப எனக்கும் கேக்குது.”

“இத்தனை வருஷமா பக்கத்துல நின்னு பாடுற. இப்பத்தான் கேக்குதா?” என்று கேட்டார் டொன்போக்.

“கிளாட்ஸ்டன் சொன்னப்புறம் கேக்காம இருக்க முடியுமா? உனக்குக் கேக்கலையா?”

டொன்போக் காது கொடுத்துக் கேட்டார். அது எப்போதும்போல் இருந்தது. ஆனால் எப்போதும் இருந்ததுபோல் இல்லை. தன் வேட்டை நாயை ஊரார் முன்னால் யாரோ சொறிநாய் என்று சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

“போலோ மைதானத்துல இந்தச் சத்தம் அரண்மனை அளவுக்கு வளரும்” என்றார் கிளாட்ஸ்டன், தொப்பியை எடுத்துக்கொண்டு. “விழாவுக்குள்ள சரி பண்ணு.”

அவர் போனதும் ஷான்போர், டொன்போக்கின் தோளில் கை போட்டார். பள்ளிக்கூட வாத்தியார் அவர். தோளில் கை போட்டால் எதையோ சொல்லப்போகிறார் என்று பொருள்.

“பாஹ் டொன், தப்பா நினைக்காதே. என் அக்கா மகன் மேபன் தெரியுமில்ல, குவஹாத்தி பேங்க்ல இருக்கானே. அவன்கிட்ட ஒரே ஒரு பெட்டி இருக்கு. எல்லாப் பெடலும் அதுக்குள்ளயே. ஒரு வயரு. சத்தமே வராது.”

“அவன் கிடார் வாசிக்கிறானா, வட்டி கணக்குப் போடுறானா?”

“ரெண்டும் அந்தப் பெட்டியே பண்ணிடுது. நீ சரி பண்ணிட்டா அவன் எதுக்கு? சரி பண்ணலைன்னா நான் அக்காவுக்குச் சரின்னு சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு தடவை சொன்னது சொன்னதுதான்.”

அக்காவுக்குச் சொல்லிவிட்டால் காசித் தம்பி எவனும் பின்வாங்க முடியாது. டொன்போக்குக்கு அது நன்றாகத் தெரியும். குழு போனால் பலகைக்கு வேலையில்லை; பலகை போனால் அந்த வீட்டில் தான் யார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

போலீஸ் பஜாரில் மாடிப்படிக்கு அடியில் இருந்த நிகில்தாவின் கடைக்குப் போனார். நிகில்தா வங்காளி, அவர்களுக்கு ‘தா’ என்றால் அண்ணன்; கிடார் தந்தி, எமர்ஜென்சி விளக்கு, தேவாலய மைக் எல்லாம் விற்பார்.

“முதல்ல ஒவ்வொண்ணும் எவ்வளவு குடிக்கும்னு சொல்லுங்க, டொன்தா.”

“எங்க குழுவா?”

“பெடலைக் கேட்டேன். உங்க குழு குடிக்கிறது ஊருக்கே தெரியும்.”

டொன்போக் ஒவ்வொன்றாகச் சொன்னார். நிகில்தா தலையை ஆட்டினார். “பழைய ஆளுங்க எல்லாம் குருவி மாதிரி. பத்து மில்லியாம்ப் கொத்திட்டுப் பேசாம இருப்பாங்க. இந்த டிஜிட்டல் எதிரொலி இருக்கே, முந்நூறு. கல்யாணத்துக்கு வந்த மாமா. ஒரே தட்டுல எல்லாரையும் உக்கார வெச்சிருக்கீங்க. மாமா மெல்லுற சத்தம்தான் உங்க ரீங்காரம். தனித்தனித் தட்டு போடணும்.”

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது தட்டையாக, பளபளப்பாக, நீல விளக்கோடு இருந்தது.

“இது அழகா இருக்கே” என்றார் டொன்போக்.

“அழகு மட்டும்தான். மேல தனித்தனி வழின்னு அச்சடிச்சிருக்கான். நான் திறந்து பாத்துட்டேன். உள்ள எல்லா வயரும் கை கோத்துக்கிட்டு நிக்குது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி. இதைத் தூக்குங்க.”

இரண்டாவது பெட்டியைத் தூக்கியபோது டொன்போக்கின் முதுகெலும்பு ஒன்று பெயர் சொல்லி அழைத்தது. உள்ளே ஒவ்வொரு வழிக்கும் தனியாகச் செம்புச் சுற்று. ஒரு பெடலின் பேச்சு இன்னொன்றுக்குப் போகாது. ஃபஸ்ஸுக்கும் தனி வழி. அதில் கூட்டல் கழித்தலைத் திருப்பிக்கொடுக்கும் வயர், கூடவே பாதி செத்த பேட்டரிபோல் மின்சாரத்தைத் தளர்த்தித் தரும் ஒரு திருகு.

“பிரசங்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம்” என்றார் நிகில்தா. “திருகினா பாவம், இந்தப் பக்கம் திருகினா கிறிஸ்துமஸ்.”

“எடையைக் குறைக்க முடியாதா?”

“எடையைக் குறைச்சா நேர்மை குறைஞ்சிடும். அப்புறம் இன்னொண்ணு. வயர் நீளமாச்சுன்னா மேல்சுருதி வழியிலயே கரைஞ்சு போயிடும். அப்ப ஒரு பஃபர் போட்டுக்குங்க; கூட்டமான பஸ்ல பின்னாலேர்ந்து தள்ளிவிடுற ஆள் மாதிரி, சத்தத்தைக் கரை சேத்துடும். ஆனா ஃபஸ்ஸுக்கு முன்னாடி மட்டும் வெச்சிடாதீங்க. அது கிடாரோட கையை நேரா புடிச்சிட்டு இருக்கணும். நடுவுல ஆள் வந்தா கோவிச்சுக்கும்.”

“அது எனக்குத் தெரியாதா நிகில்தா? அதோட நான் குடும்பம் நடத்துறேன்.”

பெட்டியின் விலையைக் கேட்டதும் வீட்டுக்கு நடந்தே வந்தார். ரிதாலின் கடையில் இறைச்சியோடு சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்த தேன் புட்டிகளைக் காட்டினாள்.

“இதை எல்லாம் வித்துட்டா வருமா?”

“அது உன் கடைச் சரக்கு.”

“உங்க ஆம்ப்புல விளைஞ்சது. நீங்க விதைச்சதுல விளைஞ்ச ஒரே சாமான் அதுதான், எடுத்துக்குங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “சத்தம் போயிட்டா தேனீ இருக்குமா?”

“தேனீக்கு என்ன தெரியும் ரிதா.”

“நமக்கு என்ன தெரியுமோ அது.”

தேனை விற்றுப் பெட்டி வந்தது. டொன்போக் பலகையைக் கழுவித் துடைத்து, அடாப்டரையும் அதன் வாலையும் கழற்றி, ஒவ்வொரு பெடலுக்கும் தனி வயர் இழுத்தார். ஆம்ப்பைப் போட்டார். மாமியார் உள்ளேயிருந்து, “கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டார்.

அப்படி ஒரு அமைதி. தகரக் கூரையில் சாரல் விழுவது, ஈரம் காயாத செருப்பு வாசலில் கிடப்பது எல்லாம் கேட்டது. டொன்போக் ஃபஸ்ஸை அமுக்கி ஒரு சுருதியை நீளமாக இழுத்தார். எருமை வந்தது, முன்பைவிட அருகில் வந்தது. அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை தேனீக்கள் மொத்தமாக வெளியே வந்து பேரிக்காய் மரத்தில் ஒரு குலையாகத் தொங்கின. மதியத்துக்கு முன் மாவ்லாய் பக்கம் பறந்துவிட்டன. அங்கே ஒரு புதுக் குழு மலிவான அடாப்டர் வாங்கியிருந்ததாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்து, கடைசியில் ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்து, அதில் சிலர் இன்னும் முடிக்கவில்லை.

கொட்டகையில் கிளாட்ஸ்டன் மறுபடி உள்ளங்கையை வைத்தார்.

“ரீங்காரம் போச்சு.”

டொன்போக்குக்குக் கண் கலங்கியது. ஷான்போர் கைதட்டினார். ஆனால் கிளாட்ஸ்டன் கையை எடுக்கவில்லை.

“மேல உள்ள தந்தியை வாசி. மெலிசானதை.”

வாசித்தார்.

“இன்னும் மேல.”

விரலுக்கு இடமில்லாத இடம்வரை போய் வாசித்தார். கிளாட்ஸ்டன் உதட்டைப் பிதுக்கினார். “மேல்சுருதி வரலை. கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலை. எல்லாம் வயர்லயே செத்துப் போயிடுது. பஃபர் போடு.”

“ஆமா, மந்தமாத்தான் இருக்கு” என்றார் ஷான்போர். “நான் சொல்லலாம்னு இருந்தேன்.”

டொன்போக் கிளாட்ஸ்டனுக்கு எதிரில் வந்து வெளிச்சத்தில் நின்றார். “பஃபரைக் கடைசியில வைக்கட்டுமா, பாஹ்?”

“முதல்ல வை. கிடாருக்கு அடுத்தது.”

“ஃபஸ்ஸுக்கு முன்னாடியா? அது ஒத்துக்காதே.”

கிளாட்ஸ்டன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “காவல்காரனை வாசல்ல நிறுத்துவாங்களா, சமையல்கட்டுல நிறுத்துவாங்களா?”

கொட்டகையில் இருந்த எல்லாரும் வாசல்தான் என்றார்கள்.

வீட்டில் பஃபரை முதலில் வைத்து ஃபஸ்ஸை அமுக்கினார். எருமை போய்விட்டது. தகர டப்பாவில் அடைத்த கொசு ஒன்று கோபமாகப் பேசியது. அடிவயிறே இல்லை. பஃபரை எடுத்துவிட்டு வாசித்தார். எருமை வந்து நின்றது. மறுபடி வைத்தார், கொசு. ரிதாலின் துங்தாப் துவையலுக்குக் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“எதுக்கு அதைப் போட்டுப் போட்டு எடுக்குறீங்க?”

“இல்லாம நல்லா இருக்கிற மாதிரி தோணுது.”

“அப்ப எடுத்திடுங்க.”

“கிளாட்ஸ்டன் வைக்கச் சொல்லிட்டாரே.”

“உங்க காது எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டவா?”

டொன்போக் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ரீங்காரம் அத்தனை வருஷம் இந்தக் காதுலதான் இருந்துச்சு ரிதா. அது தப்புன்னு இந்தக் காது சொல்லலையே. அவர் சொல்லித்தானே தெரிஞ்சுது. இப்ப மட்டும் இதை எப்படி நம்புறது?”

ரிதாலின் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருவாடு கருகியதுதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஒத்திகையிலும் உள்ளங்கைக்கு மேல்சுருதி வரவில்லை. கிளாட்ஸ்டன் இன்னொரு பஃபர் போடச் சொன்னார். அதற்கடுத்த தடவையும். நிகில்தா, “டொன்தா, ஒரு பஸ்ஸைத் தள்ள இத்தனை பேரா?” என்று கேட்டுக்கொண்டே விற்றார். கடைசியில் பெடலுக்குப் பெடல் நடுவே ஒரு பஃபர் நின்றது. கிடாரின் மேல்சுருதி அப்படித் தீட்டப்பட்டது. ஒத்திகையின்போது பக்கத்து வீட்டுக்காரர் வெந்நீரில் ஊறவைத்திருந்த பல்செட் தானாகக் கடித்துக்கொண்டது. கொட்டகை வாசலில் தொங்கிய வாழைப்பழச் சீப்பு நூலால் அறுத்ததுபோல் வில்லைகளாக விழுந்தது. மலைமேல் மேய்ந்த ஆடுகளுக்கு ரோமம் வகிடு எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த உள்ளங்கைக்கு மட்டும் எதுவும் தட்டுப்படவில்லை.

விழா நாள். மதியமே ஒலிச் சோதனை. செர்ரிப் பூக்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்த மைதானத்தில், டாக்சிக்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேடையில் டொன்போக் பலகையை வைத்தார். அதைத் தூக்க இப்போது இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கிளாட்ஸ்டன் மேடைக்குக் கீழே, ஆளுயர ஒலிபெருக்கிக்கு முன் நின்று உள்ளங்கையை வைத்தார். ஷான்போர் பக்கத்தில் நின்றார். மைதானமே அந்தக் கையைப் பார்த்தது.

“சும்மா இரு.”

டொன்போக் சும்மா இருந்தார்.

“ஒண்ணும் இல்லை. சுத்தம்” என்றார் கிளாட்ஸ்டன்.

டொன்போக் சிரித்தார். அவர் சிரித்ததை மேடையில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பார்க்க அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

“இப்ப உன்னோட தனி வாசிப்பு. ஃபஸ் போட்டு.”

டொன்போக் காலால் பெடலை அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்தார். சொல்லாமல் விட்டவை, சொல்லியும் யாரும் திரும்பிப் பார்க்காதவை, தேனீக்கள் போனது, எல்லாம். கொசுதான் பேசியது, இருந்தாலும் அது உண்மையைத்தான் பேசியது. வேலியோரம் ஒரு டாக்சிக்காரர் ஹாரன் அடிக்க வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது கிளாட்ஸ்டன் இன்னும் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“வாசிக்கச் சொன்னேனே” என்றார்.

“வாசிச்சிட்டேன், பாஹ்.”

கிளாட்ஸ்டன் கையை மெதுவாக எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “டொன், இத்தனை நாளும் ரீங்காரம்தான் குறைன்னு நினைச்சேன். அதை எடுத்துட்டுப் பாத்தா அடியில ஒண்ணுமே இல்லை. மன்னிச்சுக்கோ. அது ஒண்ணுதான் உன்கிட்ட இருந்திருக்கு.”

 பிறகு ஷான்போர் மேடையைப் பார்க்காமல், “ஆமா” என்றார். “இப்பத்தான் எனக்கும் கேக்குது.”

மைதானத்தில் இருந்த பலருக்கும் அது அப்போதுதான் கேட்டது. ஹாரனில் இருந்து கையை எடுத்த டாக்சிக்காரர்கூடத் தலையை ஆட்டி, நானும் நினைச்சேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மேபனின் பெட்டி குவஹாத்தியிலிருந்து முந்தின நாளே வந்து ஷான்போரின் காரில் இருந்தது. அதை எடுத்துவர ஒரு கை போதுமாக இருந்தது.

டொன்போக் வயர்களைச் சுற்றினார். முழங்கையில் மாட்டி, முறுக்கு விழாமல், ஒவ்வொன்றாக. அவசரப்படுத்த யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது ரிதாலின் வாசலிலேயே முகத்தைப் பார்த்துவிட்டு ஜாதோ போட்டுக் கொடுத்தாள்.

“என்ன சொன்னாரு?”

“சுத்தமா இருக்குன்னு சொன்னாரு.”

“அப்புறம்?”

“அவ்வளவு சுத்தமா இருக்கு.”

அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. ரிதாலின் ஒருநாள் சண்டை போட்டுப் பார்த்தாள், ஒருநாள் கெஞ்சிப் பார்த்தாள். “அந்த முதல் பஃபரை மட்டும் எடுத்துட்டு ஒரு தடவை, எனக்காக” என்றாள். “எடுத்தா எனக்கு நல்லாத்தான் கேக்கும். அதுதானே வியாதி” என்றார். கனமான பெட்டியை அவளுடைய கடைக்குக் கொண்டுபோய் விளக்குகளுக்கு மாட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி. ஒன்று மினுக்கினால் மற்றது மினுக்காது. போலீஸ் பஜார் பக்கம் எந்தக் கடையிலும் அவ்வளவு சத்தமில்லாத வெளிச்சம் கிடையாது. அலமாரிக் கதவை மாமியார் திரும்பக் கேட்டு வாங்கி அலமாரியில் பொருத்திக்கொண்டார். திறந்தால் உள்பக்கம் பெடல்கள் ஒட்டிய தடங்கள் சதுரசதுரமாக இருக்கும். ஆம்ப்பில் தேனீக்கள் திரும்பி வரவில்லை. ஒரு பெட்டைக்கோழி வந்து அடைகாத்தது. முட்டைகள் பொரியவில்லை.

தேவாலயப் பணியாளர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேட்டரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒருமுறை டொன்போக் அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பாவத்தைப் பற்றியது, நீளமானது, பாதிக்குக் கொஞ்சம் கீழே. அப்படி ஒரு பேட்டரி வாழ்நாளில் இரண்டு முறை வராது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மற்றவற்றோடு தகர டப்பாவில் போட்டார். டப்பா நிறைந்ததும் மூடினார்.

பாஹ் கிளாட்ஸ்டன் இன்றும் ஷில்லாங்கின் எல்லா மேடைகளுக்கும் ஒலி பார்க்கிறார். புதிதாக வருகிற கிடார்காரர்களுக்கு டொன்போக்கின் கதையைச் சொல்லி, கண்கலங்கி, என் காதாரக் கேட்டேன் என்று முடிப்பார்.

அந்த ஒலிபெருக்கி வெடித்த நாளிலிருந்து கிளாட்ஸ்டனுக்கு இரண்டு காதும் கேட்காது.